இரண்டு டன் வெந்நீர்

அன்று அங்கே இருந்தவர்கள் ஆறு பேர். ரயில்வேயில் என்ஜின் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியப்பா, அவர் தம்பியான என் அப்பா, இருவருக்கும் தங்கையான அத்தை, பெருங்களத்தூர் பழைய இரும்புக்கடை முதலாளி, டிரெய்லர் ஓட்டி வந்தவர், நான். எனக்குப் பதினொரு வயது. எதற்கெடுத்தாலும் பயம்.

ஏலத்தில் எடுத்த சின்ன நீராவி என்ஜின் ஒன்றை முதலாளி வெட்டிப் போட இருந்தார். பெரியப்பா முன்பணம் கொடுத்துத் தடுத்துவிட்டார். டன்னுக்கு நாலாயிரம், எடுத்துப் போகும் நாளில் எடை போட்டு மீதியைக் கட்ட வேண்டும் என்று பேச்சு. பெரியப்பாவின் ஓய்வுப் பணம், அப்பாவின் பி.எஃப். கடன், அத்தையின் சீட்டு எல்லாம் சேர்ந்து எழுபத்திரண்டாயிரம். பதினெட்டு டன்னுக்குச் சரியாக இருக்கும் என்றார் பெரியப்பா. ஆறு மாதம், ஞாயிறு தவறாமல், அந்தக் கடைக்குள்ளேயே துருவைச் சுரண்டி, ஓட்டைக் குழாய்களை மாற்றினார்கள்.

மறுநாள் எடுப்பதாக இருந்தது. அதற்குள் ஒருமுறை ஊதிப் பார்க்க பெரியப்பாவுக்கு ஆசை. விடியற்காலையில் விறகு போட்டார். பாய்லர் வெடித்துவிடும் என்று நான் பழைய டயர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெடிக்கவில்லை. கூவியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்து டிரெய்லர் வந்து நின்றது. ஒரு நாள் முன்னாலேயே.

இன்றைக்கு விட்டால் வண்டி கிடைக்காது, நாளைக் காலை வெட்டுகிற ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றார் முதலாளி. நெருப்பை வாரிக் கொட்டினார்கள். என்ஜினின் இரு பக்கத் தொட்டிகளிலும் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாய்லருக்குள் மட்டும் வெந்நீர் நின்றது. எடைமேடையில் இருபது டன் காட்டியது.

"இன்னா சார், இரும்பு வாங்க வந்தியா, வெந்நீர் வாங்க வந்தியா? தொறந்து வுட்டுட்டு வா. தண்ணிக்குலாம் கழிக்க மாட்டேன். முள்ளு காட்டுறதுதான் காசு."

பாய்லரைத் திறந்துவிட அப்பா ஸ்பேனரை எடுக்கப் போனார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சூட்டோட காலி பண்ணா குழாயெல்லாம் கழண்டுக்கும்டா. அப்புறம் இதுவும் அவர் கடைச் சரக்குதான்."

அத்தைதான் முதலாளியிடம் பேசித் தவணை வாங்கினாள். மூன்று பேர் பெயரிலும் ரசீது ஆனது. அப்பா வழியெல்லாம் ரசீதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரியப்பா மட்டும் டிரெய்லர் மேல், மெல்ல ஆறிக்கொண்டிருந்த பாய்லரைத் தொட்டுப் பார்த்தபடி, ஏதோ இனாமாக வாங்கி வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். நன்றாக ஏமாந்துவிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. பின்னாளில் படிப்பை நிறுத்தி, சம்பாதித்து, ஆசைப்பட்ட ஒன்றைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ளக் கூடுதலாகக் கொடுக்கப் பழகிய பிறகுதான் அந்த முகம் எனக்குப் பிடிபட்டது.

பாக்கி, எட்டாயிரம் ரூபாய்.