கேள்விக்குறிகளாகத் தெரிந்த பெயர்

குடிநீர் அலுவலகத்தில் எல்லோரும் அவளை மேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊருக்கு அடியில் ஓடும் குழாய்களையெல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றி வைத்திருப்பவள் அவள். கொஞ்சம் வாய்த்துடுக்கும் உண்டு. தப்பான இடத்தில் பள்ளம் தோண்டி நின்ற ஒப்பந்தக்காரரிடம், "ஏங்க, குழாயத் தேடுறீங்களா, புதையலத் தேடுறீங்களா?" என்று அவள் கேட்டதை அலுவலகம் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

அதன்பிறகு எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது போலிருந்தது. உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "அழுதுடும்மா, உள்ள வெச்சுக்காத" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வைத்துக்கொள்ள உள்ளே ஏதாவது இருந்தால்தானே? பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அப்படி அவ்வப்போது அவரை நினைத்துப் பார்த்தாள். கன்னம் அங்கேதான் இருந்தது. தொடுவதுதான் தெரியவில்லை.

துணைக்கு நாத்தனார் வந்து தங்கினாள். அவருக்கு அக்கா. ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவள். அலமாரியைத் துடைத்து முடித்தால் அடுத்து ஜன்னல் கம்பி. துடைத்துக்கொண்டே தம்பியைப் பற்றிப் பேசுவாள்.

"சின்ன வயசுலயே அப்படித்தான். வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு இருப்பான். உங்கூடயாவது பேசுவானா?"

"பேசுவாரு அண்ணி."

"என்னத்தப் பேசியிருக்கப் போறான்!"

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து என்ஜினியர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி சாலையில் பெரிய குழாயை மாற்றப் போகிறார்கள். எந்தெந்த வால்வை மூடினால் ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் நிற்காது என்று வரைபடம் போட்டுத் தர வேண்டும். "நீங்க ஆபீஸ் வர வேணாம்மா. வீட்லேர்ந்தே பாருங்க. முடியலன்னா வேற யாரையாவது பாக்கச் சொல்றேன்" என்றார், தயங்கித் தயங்கி.

"பாக்கறேன் சார்" என்றாள். முடியாது என்று சொல்வதற்கும் ஒரு காரணம் யோசிக்க வேண்டுமே.

வீட்டுக் கணினி கூடத்தின் மூலையில் இருந்தது. பணம் கட்டவும் பாட்டுக் கேட்கவும் தவிர அதை யாரும் அதிகம் தொட்டதில்லை. அலுவலகத்தில் இருக்கும் அதே வரைபட மென்பொருளை இறக்கி நிறுவினாள். பச்சைப் பட்டை நிதானமாக ஓடி முடிந்து, எல்லாம் சரியாக நிறுவப்பட்டது என்று சொன்னது. ஐகானை அழுத்தினாள். தொடக்கப் படம் தலைகாட்டியது. அடுத்த நொடி காணோம். பிழைச் செய்திகூட இல்லை. வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன விருந்தாளி மாதிரி.

மறுபடி அழுத்தினாள். மறுபடி அதேதான்.

கணினியை அணைத்துப் போட்டாள். மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்ப நிறுவினாள். வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தாள். பழைய பதிப்பை இறக்கிப் பார்த்தாள். வேறொரு காலமாக இருந்தால் இதற்குள் கணினியை நாலு திட்டு திட்டியிருப்பாள். இப்போது எரிச்சல்கூட வரவில்லை. பட்டை ஓடுவதைப் பார்ப்பது ஒருவிதத்தில் வசதியாக இருந்தது. அது ஓடும்போது அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, எதுவும் நினைக்க வேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால், அது திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

"காலைலேர்ந்து ஒரே படத்தையே பாத்துட்டு இருக்கியே" என்றாள் நாத்தனார், கையில் துடைக்கிற துணியோடு. "தெரிஞ்சவங்க யாரையாவது கேளேன்."

அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவரைக் கூப்பிட்டாள். நல்ல மனிதர், சளசளவென்று பேசுவார். அவள் என்னென்ன செய்து பார்த்தாள் என்று கேட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"மேப்பக்கா, ஐகானை விடுங்க. அது ஊமை, ஒண்ணும் சொல்லாது. கருப்பு ஜன்னல் ஒண்ணு தொறக்கச் சொல்றேன், அதுலேர்ந்து ஓட்டுங்க. போறப்ப ஏன் போறேன்னு சொல்லிட்டுப் போகும்."

அவர் சொல்லச் சொல்லத் தட்டினாள். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன.

"கடைசி வரிய வாசிங்க."

"ஒரு ஃபோல்டரத் திறக்க முடியலங்குது. யூசர் ஃபோல்டர். அதுக்குப் பக்கத்துல வரிசையா கேள்விக்குறி. பேரு இருக்க வேண்டிய எடத்துல."

"ஆங், புடிச்சாச்சு. உங்க யூசர் பேரு இங்கிலீஷ் எழுத்துல இல்ல, அதானே? இந்த சாஃப்ட்வேருக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாதுக்கா. என்ன பேரு போட்டிருக்கீங்க?"

கணினி வாங்கிய அன்று, திரையில் இருக்கும் விசைப்பலகையில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் கணவர்தான் அந்தப் பெயரை அடித்தார். அவள் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். "சும்மா போட்டேன். வேணாம்னா மாத்திக்கோ" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் மாற்றவில்லை.

"மேப்பக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"மேப்பு மகாராணி" என்றாள், யாருடைய முகவரியையோ ஒப்பிப்பது போல.

அந்தப் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. யார் வைத்த பெயர் என்று அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேர மாத்தினாலும் ஃபோல்டர் மாறாதுக்கா. புதுசா ஒரு யூசர் போட்டுடுவோம்."

"பழசு?"

"அது பாட்டுக்கு இருக்கும். யாரும் தொட வேணாம்."

பின்னால் துடைக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. திரும்பினாள். நாத்தனார் வாயில் கைவைத்து நின்றாள்.

"யாரு, எந்தம்பியா வெச்சான் அந்தப் பேர?"

"ஆமா அண்ணி."

"அந்த உம்மணாமூஞ்சியா? மகாராணியாமே!" நாத்தனார் சிரிக்கத் தொடங்கினாள். தோள் குலுங்கச் சிரித்தாள். எந்த இடத்தில் அது அழுகையானது என்று சொல்ல முடியவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். "ஒரு வார்த்த சொன்னதில்லியே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னதில்லியே."

"அப்பறம் கூப்பிடறேன் சார்" என்று போனை வைத்துவிட்டு, அவள் கீழே உட்கார்ந்து நாத்தனாரை அணைத்துக்கொண்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். தானும் அழுதுவிடுவோம் என்று காத்திருந்தாள். வரவில்லை. துணியில் சோப்பு வாசனை அடித்தது. தரை சில்லென்றிருந்தது. அண்ணிக்கு முன்னால் அழ முடியவில்லையே என்பது மட்டும் லேசான சங்கடமாக இருந்தது.

"உனக்கு ஒண்ணுமே தோணலியாடி?" என்றாள் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, கேட்டாள், அவ்வளவுதான்.

"தெரியல அண்ணி. மரத்துப் போச்சு."

"சரி, விடு. அதுவா வர்றப்ப வரட்டும்."

புது யூசரை அவளே போட்டாள். என்ன பெயர் என்று கணினி கேட்டது. ஆங்கில எழுத்தில் 'வீடு' என்று அடித்தாள். உள்ளே போய் ஐகானை அழுத்தினாள். தொடக்கப் படம் வந்தது, நின்றது, பிறகு ஜன்னல் முழுவதுமாக விரிந்தது. வெற்று வெள்ளை. அலுவலகம் அனுப்பிய கோப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றினாள். தெருக்கள் வந்தன, வீடுகள் வந்தன. ஆஸ்பத்திரி சாலையில் குழாய்கள் வந்து விழுந்தன.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ஒரே நீலம். அவள் இல்லாத நாட்களில் எவரோ வண்ணத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். எது எதென்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? இதைப் பார்த்துத் தப்பான வால்வை மூடினால் என்ன ஆகும்? காது மடல் சூடாயிற்று.

போனை எடுத்து, கணினிக்காரரையே மறுபடி கூப்பிட்டாள்.

"சார், இந்தக் கலர யாரு போட்டது? குடிக்கிற தண்ணியும் சாக்கடையும் ஒண்ணா? கண்ணு எங்க வெச்சுட்டுப் போட்டாங்களாம்?"

"நாளைக்கே மாத்திடறோம்க்கா."

"நாளைக்கு எதுக்கு? நானே மாத்தறேன். யாருன்னு மட்டும் சொல்லுங்க."

சமையலறைக் கதவருகே நாத்தனார் வந்து நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கவனிக்கவில்லை. கழிவுநீர்க் குழாய்களைத் தேர்ந்தெடுத்துப் பழுப்பு நிறத்துக்கு மாற்ற ஆரம்பித்திருந்தாள்.