ஒரே தொட்டியில் சாயம் போடாத ரெண்டு ரேம்

ஓடுது மக்களே, ஓடுது!

நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டருக்கு இன்னொரு ரேம் நினைவகம் வாங்கத்தான் இன்று பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒற்றை ரேம், இறந்துபோன என் மனைவி ஈஸ்வரி வாங்கித் தந்தது.

கடைக்கார அண்ணன் தறிக்காரக் குடும்பம்.

"ஓவர்கிளாக் பண்ணி, வேகத்தக் கூட்டி விரட்டப் போறீகளா? அப்ப ஒரே பெட்டியில வந்த ஜோடியா எடுங்க. தனித்தனியா வாங்கிச் சேக்குறது, வேற வேற தொட்டியில சாயம் போட்ட நூல ஒரே சேலைக்குக் குடுக்குற மாதிரி. கையில பாத்தா ஒண்ணுதான். தறியில ஏத்துனா காட்டிக்குடுத்துரும். அந்தப் பழைய ஒத்தைய எங்கிட்டத் தள்ளிருங்க."

"அது ஈஸ்வரி வாங்குனதுண்ணே."

அண்ணன் அதே மாடலில் ஒற்றை ரேம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"வேகத்த இறக்கி ஓட்டுங்க. திரை வரலன்னு வந்து என்னைய வையக் கூடாது."

வீட்டுக்கு வந்து இரண்டையும் மாட்டினேன். முழு வேகம் வைத்தேன், திரை கறுப்பு. ஒரு படி இறக்கினேன், அப்போதும் கறுப்பு. இன்னொரு படி இறக்கியதும் வந்துவிட்டது! சோதனை ஓட்டத்தில் ஒரு பிழைகூட இல்லை.

"ஏய், ஓடுதுடி!" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

பெட்டியில் போட்டிருந்த வேகம் வரவில்லைதான். புது ஜோடி என்றால் பறந்திருக்கும் என்று சொல்ல வருகிறவர்கள் தாராளமாகச் சொல்லுங்க. ரேமை மாற்றச் சொல்வதைத் தவிர எல்லா யோசனையும் கேட்கிறேன்.