துட்டி கேட்க ஒரு வீடு

பரவை மார்க்கெட் சுவரில் நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டிய பசை காய்வதற்குள் பேயாண்டி அதன் முன்னால் நிற்கிறார். மாஸ்க்குக்கு மேல் கண்ணைச் சுருக்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே இறந்த தேதியைப் பார்க்கிறார். பொருந்தவில்லை என்றால், "இவுக இல்ல மாப்ள" என்று பக்கத்துக் கடைக்காரனான என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த சுவருக்கு நடக்கிறார்.

தக்காளி மண்டிக்காரர். கொரோனா வந்து போனது. மூச்சிரைப்பு மட்டும் போகவில்லை. "கேஸு" என்று ஓமத்தண்ணீர் குடித்தே மாதங்களை ஓட்டினார். கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். கிருமி போகிற போக்கில் இதயத்தைக் கந்தலாக்கிவிட்டுப் போயிருந்தது. வேறு இதயம் வைத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள். மார்க்கெட்டே சாமி கும்பிட்டது. என்ன நடக்க வேண்டும் என்று கும்பிட்டோம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

போன ஐப்பசியில் வேண்டுதல் பலித்தது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், இதயம் யாருடையது என்று கேட்டார். சொல்லச் சட்டம் இடம் தராது என்றார் டாக்டர்.

"எந்த ஊருச் சரக்குன்னு கேக்காம ஒரு பெட்டி தக்காளி எறக்க மாட்டேன். எனக்குள்ளயே எறக்கிட்டு ஊரச் சொல்ல மாட்டேங்கிறாக!"

இந்த வட்டாரத்தில் துக்கம் விசாரிக்க, துட்டி கேட்க, அவர் போகாத சாவு வீடு கிடையாது. துட்டி வீட்டில் ஆறுதல் பேச்செல்லாம் வேண்டாம். இரண்டு கையையும் நீட்டி வீட்டுக்காரர் கையைத் தொட்டால் போதும். "அம்புட்டு வீட்டுக்கும் போனேன். உசுரு குடுத்த வீட்டுக்கு ஒரு துட்டி கேக்கலேன்னா நான் என்ன மனுசன்?"

புது இதயத்தை உடம்பு விரட்டிவிடாமலிருக்க அவர் சாப்பிடும் மாத்திரை, கிருமியையும் விரட்ட விடாது. கூட்டம் ஆகாது, யாரையும் தொடவும் ஆகாது. மனைவி தங்கப்பொண்ணு கத்துகிறார்: "துட்டி கேக்கப் போயி, நம்ம வீட்டுக்கு நாலு பேரு துட்டி கேட்டு வர்ற மாதிரி பண்ணிறாதீக!"

போன வாரம் ஒரு போஸ்டரில் இறந்த தேதி அவருடைய ஆபரேஷன் தேதியோடு பொருந்திவிட்டது. சோழவந்தானில் ஓர் இளவட்டம், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. நான்தான் வண்டி ஓட்டினேன். வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டும்வரை நெஞ்சைத் தடவியபடி, "வீட்டுக்கு வந்துட்டோம்ப்பா, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பையனின் அப்பா விருமாண்டி வாசலுக்கு வந்தார்.

"எந்த ஆஸ்பத்திரியிலண்ணே வச்சிருந்தீக?" என்றார் பேயாண்டி.

"ஆஸ்பத்திரிக்கு எங்கண்ணே கொண்டுபோக? ஆத்துக்குக் குளிக்கப் போனவன். மறுநாத்தான் கெடச்சான். நீங்க யாருன்னு தெரியலையே?"

பேயாண்டி இரண்டு கையையும் நீட்டி விருமாண்டியின் கையைத் தொட்டார். அந்த மனிதர் விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார்.

வண்டியருகே வந்ததும், தங்கப்பொண்ணு கொடுத்துவிட்ட சானிடைசரைக் கையில் நன்றாகத் தேய்த்து உலர்த்தினார். பிறகு, துட்டி வீட்டில் நீட்டுவதுபோலவே இரண்டு கையையும் நீட்டி, தன் நெஞ்சைத் தொட்டார்.