பத்தரைக்கு முன் ஒரு படையெடுப்பு

எழுபத்தைந்தாம் ஆண்டு சிட்னியில், ஹோம்புஷில் நான் குடியிருந்த ஃப்ளாட்டுக்குக் கீழ்வீட்டில் ஓர் ஆங்கிலேயக் கிழவர் இருந்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கவச வண்டி வேவுப் படையில் வயர்லஸ்காரர். பெரும்படைக்கு முன்னால் ஓடிப்போய் எதிரி எங்கே என்று பார்த்துச் சொல்கிற வேலை. பிரசெல்ஸ் நகரத்தை விடுவிக்க விடியப் புறப்பட்டு இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்த கதையை, நான் குப்பை வாளியோடு போனால்கூட மறித்துச் சொல்வார். ஓடிய வேகத்தில் கையிலிருந்த வரைபடமே முடிந்துவிட்டதாம். அதற்கு மேல் சனங்கள் கைகாட்டிய பக்கம் ஓடினார்களாம். நகரத்துக்குள் நுழைந்த மூன்றாவது வண்டி அவருடையது. பெண்கள் வண்டிமேல் ஏறி முத்தமிட்டதும், ஒரு கிழவி அவித்த முட்டை நீட்டியதும் ஒருநாளும் தவறாமல் வரும். நூறு தரம் கேட்டிருப்பேன், தொண்ணூறு தரம் எரிச்சலோடு.

அந்த வருடம்தான் என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாள். கலியாணம் முடித்துப் பத்தாம் நாள் நான் தனியே திரும்பியவன். அவளுக்கு விசா கிடைக்க எட்டு மாதம் பிடித்தது. விமானம் வெள்ளிக்கிழமை காலை என்று எழுதியதும் அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "வெள்ளி பத்தரைக்கு ராகுகாலம் துடங்குது. அதுக்கு முதல் பிள்ளை வலது காலை வைச்சு வீட்டுக்குள்ளை வரவேணும். நீ பக்கத்திலை நிக்கவேணும்." அம்மா என்னிடம் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். நானும் எட்டு மாதமாக அந்தக் காட்சியைத்தான் மனதில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரப் பிரச்சினையைக் கிழவரிடம் சொன்னதுதான் நான் செய்த முதல் பிழை. அவர் உடனே என் குசினி மேசையில் சிட்னி வரைபடத்தை விரித்தார். "இதை என்னிடம் விடு, மேட்" என்றார். இருபது வயது குறைந்தவர்போல் இருந்த அந்த முகத்தைப் பார்த்து மறுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

வேவுப் படையின் முதல் விதி, வளைவு வந்தால் வண்டியை நிறுத்தி ஒருவர் இறங்கி எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கிறவன் நான். வெள்ளி விடியப்புறம் அவருடைய காரில் விமான நிலையம் போகும் வழியில் ஒவ்வொரு சந்தியிலும் இறங்கி ஏறினேன். எதிரில் வந்ததெல்லாம் பால் வண்டிகள். இரண்டாவது விதி, எதிர்ப்பு வந்தால் மோதாதே, சுற்றிப் போ. அதைத் திரும்பி வருகையில் காட்டுவதாகச் சொன்னார்.

மனைவியின் பெட்டியில் ஒடியல் மா, காய்ந்த பனங்கிழங்கை இடித்த மா, இருந்தது. சுங்க அதிகாரிகள் மாறி மாறி முகர்ந்து பார்த்து, மாவை வைத்துக்கொண்டு ஆளை விடும்போது மணி ஒன்பதரை. "நல்லா மெலிஞ்சு போனீங்கள்" என்றாள். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டு மாதம் காத்திருந்தவன் செய்கிற வேலையா அது? இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிழவர் அவளை முன்னால் இருத்தி மடியில் வரைபடத்தை வைத்தார். நான் பின்னால், பெட்டிகளோடு பெட்டியாக. இரண்டு இரவு நித்திரையில்லாமல் தரை தேய்த்து, சுவர் கழுவி, நிறைகுடத்துக்கு மாவிலை கிடைக்காமல் எலுமிச்சை இலை தேடி அலைந்தவன் நான். கண்ணாடி வழியாக இதமான வெயில் விழுந்தது. முதலாவது சிக்னல் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மனைவி சொல்லித்தான் தெரியும்.

பெரிய தெருவில் வாகனங்கள் அடைத்து நிற்க, கிழவர் மோதாமல் சுற்றிப் போனாராம். சுற்றிய சுற்றில் வரைபடத்தின் விளிம்பையும் எங்கள் வீட்டையும் தாண்டி அடுத்த ஊரான லிட்கம் வந்துவிட்டது. மனைவி தலையை வெளியே நீட்டித் தபால்காரரிடம் வழி கேட்டாளாம். அவர் கைகாட்டிய பக்கம் ஓடி, வாசலில் போய் நின்றபோது பத்து இருபத்தாறு. என்னை நாலு தரம் தட்டினாளாம், ஒருதரம் கிள்ளினாளாம். புருஷனா, நேரமா என்று யோசிக்க நாலு நிமிடம்தான் இருந்தது. என் சட்டைப் பையிலிருந்து வீட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் முழித்தபோது பதினொன்றேகால். காரில் நானும் பெட்டிகளும் மட்டும். படிகளில் பாய்ந்து ஏறிக் கதவைத் தட்டினேன்.

"கொஞ்சம் பொறுங்கோ. இப்ப ராகுகாலம். பன்ரண்டுக்குப் பிறகு வாங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அது உமக்குத்தானே. எனக்கு இல்லை."

"எனக்கு எண்டால் உங்களுக்கும்தான்."

என் வீட்டுக்கு வெளியே, படியில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கதவு கொஞ்சம் திறந்து கிழவர் இரண்டு தேத்தண்ணீரோடு வெளியே வந்தார். ஒன்றை என் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நகரத்துக்குள் போனது மூன்றாவது வண்டிதான், அதில் பொய்யில்லை" என்றார். "நான் உள்ளே நித்திரை. மூன்று இரவு காதில் வயர்லஸ். முழித்துப் பார்க்கத் தெருவில் பூவும் முட்டைக் கோதும்தான் கிடந்தன. மற்றதெல்லாம் கூட இருந்தவர்கள் சொன்னது. அவர்கள் ஒருநாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை."

பன்னிரண்டு அடித்ததும் கதவு திறந்தது. வலது காலை வைத்து நான் உள்ளே போனேன்.

அன்று பின்னேரமே அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். பத்து இருபத்தாறுக்கு மருமகள் வலது காலை வைத்து வந்ததையும், நான் பக்கத்தில் நின்றதையும், நிறைகுடத்தைக் கண்டு அவள் சிரித்ததையும் ஒன்று விடாமல் எழுதினேன். ஒட்டுவதற்கு முன் மனைவி வாங்கி வாசித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேனையை எடுத்து, கீழே ஒரு வரி சேர்த்தாள்:

"மாமி, இவர் என்ரை கையைப் பிடிச்சுத்தான் உள்ளுக்கை கூட்டிக்கொண்டு வந்தவர்."