சற்குணத்தாரும் மகாராணியின் கழுத்தும்

தீவில், டத்தோ கிராமாட் வட்டாரத்தில் சற்குணத்தாரைப் போல ராஜா ராணிப் படங்களைத் திட்டியவரும் இல்லை, அவரளவுக்கு ஒன்றுவிடாமல் பார்த்தவரும் இல்லை. அலுவலகத்தில் தலைமைக் கிளார்க். மனைவி யோகம்மா வீடியோ கடையிலிருந்து எடுத்துவரும் படங்களைப் பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்ப்பார். பிழை பிடிக்கத்தானாம்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தின மகாராணிக்கு அம்மை ஊசித் தழும்போ?"

"சும்மா இருங்கோ," என்பார் யோகம்மா.

1984இல் ஒரு சனிக்கிழமை, துரோகி என்று பழி விழுந்த மகாராணியின் கழுத்துக்கு நேரே ராஜா வாளை ஓங்கினார். அத்தோடு முதல் கேசட் முடிந்தது. கடைக்காரர் பஷீரின் வழக்கம் அது: கிராக்கியான படமென்றால் வீட்டுக்கு ஒரு கேசட்தான், மற்றது திங்களன்று.

"திங்கள் பாப்பம்," என்று யோகம்மா மீன் வெட்டப் போய்விட்டார்.

சற்குணத்தாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேப்பரில் ஒரே பத்தியை நான்கு முறை படித்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். பஷீருக்குப் போன் போட்டார். இரண்டாம் கேசட், அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை செய்யும் கார்த்திகேசு வீட்டில், கடல் தாண்டி அக்கரையில், பாகான் டாலாமில்.

ஞாயிறு காலை, "கார்த்திகேசுவிட்ட ஒரு ஃபைல் கேக்கோணும்," என்று குடையோடு கிளம்பினார். பெர்ரிப் படகில் இடமிருந்தும் நின்றுகொண்டே போனார்.

"அட, சார்! ஞாயித்துக்கிழமை என்னா ஃபைலு?" என்றார் கார்த்திகேசு.

"உள்ள வாங்க சார்," என்றார் அவர் மனைவி லெட்சுமி. "ராஜா படம் ஓடுது. உங்களுக்குத்தான் ஆகாதே, நிப்பாட்டிடவா?"

"ஓடட்டும், ஓடட்டும்."

"பாவம் லா சார் அந்த ராணி, கடைசில பாத்தா..." என்று தொடங்கினார் லெட்சுமி.

"சொல்லாதைங்கோ!"

அலுவலகத்தில்கூட அவர் அப்படிக் கத்தியதில்லை. கார்த்திகேசு கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். நாற்காலி நுனியில், மடியில் குடையோடு, சற்குணத்தார் முழுவதையும் பார்த்தார். கோப்பி ஆறிப்போனது. அம்மை ஊசித் தழும்பு திரை நிறையத் தெரிந்தது. அவர் கண்ணில் படவில்லை. ஃபைலைப் பற்றி யாரும் கேட்கவுமில்லை.

திங்கள் மாலை யோகம்மா இரண்டாம் கேசட்டைப் போட்டார். சற்குணத்தாரின் பேப்பர் வழக்கம்போல் உயர்ந்தது. ராஜாவின் வாளும் உயர்ந்தது. யோகம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் நடுங்கியது. பேப்பர் சற்றே இறங்கி அதைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம்; முடியவில்லை.

"பயப்பிடாதையும். வெட்ட மாட்டான்."

தலைப்பு மெல்ல விலகியது. யோகம்மா படத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்.

"ஃபைல் கிடைச்சுதோ?"

பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே போனது.