தானாகப் போன அழைப்பு

மரவள்ளிக் காட்டில் களை வெட்டப் போகும் அம்சவள்ளி, புடவைமேல் போட்டிருக்கும் சட்டைப் பையில்தான் போனை வைப்பாள். குனியும்போது விழாமலிருக்கப் பைக்குள் வலக்கையை விட்டுப் பிடித்துக்கொள்வாள். விரல் பட்டுப் பூட்டுத் திறந்து, சென்னையில் வேலைபார்க்கும் மகள் தனுஷாவுக்கு அழைப்புப் போய்விடும்.

“எங்கிட்ட நல்லா இருக்கேன்னு சொல்ற. அங்க இடுப்பு வுட்டுப்போச்சுன்னு பொலம்பிக்கினு இருக்க. இன்னாம்மா இது?” என்று ஒருநாள் மகள் அழுதாள்.

மறுநாளே அம்சவள்ளி கள்ளக்குறிச்சி செல்போன் கடைக்குப் போய், “தானா தொறக்காதபடி பண்ணிக் குடுங்க” என்றாள். கடைக்காரர் வலக்கை விரல் பதிவுகளை அழித்துவிட்டு, இடக்கைச் சுண்டுவிரலை மட்டும் பதிவுசெய்து கொடுத்தார்.

அதன்பிறகு போன் பைக்குள் சும்மா கிடந்தது.

“இனிமே தாராளமா பொலம்பலாம்க்கா” என்றாள், பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்த குஞ்சம்மாளிடம். ஆனால் புலம்பக்கூடத் தெம்பில்லை. மறுபடி குனிந்தாள்.