‘போகிறேன்’ என்றாள் ஜப்பான்காரி

ரெண்டாம் பாகம் என்றாலே எனக்கு ஆகாது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். முதல் பாகம் ஓடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்கிற படத்தை நாம் ஏன் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இங்கேயே நாலைந்து தடவை புலம்பியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனை மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ரெண்டாம் பாகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதுவும் எந்த ஊர்ப் படம்? ஜப்பான். கார்ட்டூன் படம். அனிமே என்று சொல்ல வேண்டுமாம். கார்ட்டூன் என்று வாய் தவறிச் சொன்னதற்கு நந்தினி என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே...

நந்தினி என் கொழுந்தியாள் மல்லிகாவின் மகள். நர்ஸிங் முடித்துவிட்டு வெள்ளிமலையில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். வாரக் கடைசியில் மலை பஸ்ஸில் இறங்கி, தியாகதுருகம் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்கு வருவாள். திரும்பி ஏறும்போது துணிமணி இருக்கிறதோ இல்லையோ, போன் நிறைய ஜப்பான் படம் இருக்கும். மேலே சிக்னல் ஒழுங்காகக் கிடைக்காது, அதனால் கீழேயே டவுன்லோட் செய்துகொண்டு போய்விடுவாள். பொழுதுபோக்கு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். பார்த்தால், அந்த மொழியையே படித்திருக்கிறாள். பரீட்சையும் எழுதியிருக்கிறாள். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கும் எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் பூகம்பம்.

சனிக்கிழமை காலையில் மல்லிகா போன் செய்தாள். “மாமா, நாளிக்கு நீங்க எங்களோட சினிமாவுக்கு வரணும்.”

“என்ன திடீர்னு சினிமா?”

“இவ ஜப்பானுக்குப் போறேன்னு ஒத்தக் கால்ல நின்னுகினு இருக்கா. இங்க கெழவன் கெழவிங்களே இல்லியா, அங்க போய்ப் பாக்கணுமா? ஊரு எப்டின்னு கேட்டா நல்ல ஊருன்றா. உனக்கு எப்டிடி தெரியும்னு கேட்டா, படத்துல பாத்தேன்றா. அதான், அந்தப் படத்த நானும் பாத்துட்டே சொல்றேன்னுட்டேன்.”

“அதுக்கு நான் எதுக்கு?”

“நீங்கதான படத்தப் பத்திலாம் எழுதுறீங்க. நல்லதா கெட்டதான்னு எடுத்துச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணாமா? புதன்கெழமைக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணுமாம்.”

சினிமாவைப் பார்த்து ஒரு நாட்டை எடை போடுவதா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். நம் படங்களைப் பார்த்து எவனாவது நம் ஊரை முடிவு செய்தால் என்ன நினைப்பான்? இங்கே ஒரே ஆள் நாற்பது பேரைப் பறக்க விடுவான், மிச்ச நேரத்தில் நடு ரோட்டில் ஆடுவான் என்று நினைப்பான். ஆனால் மல்லிகா விளையாட்டாகப் பேசவில்லை என்பது அவள் குரலிலேயே தெரிந்தது. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை, என் சகலை, அந்த விஷயத்தில் கெட்டிக்காரர். “அவ இன்னா சொல்றாளோ அதான்” என்று சொல்லிவிட்டு மக்காச்சோளத்துக்குத் தண்ணி கட்டப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் மதிய ஆட்டம். தமிழ் டப்பிங். தியேட்டர் வாசலில் முழுக்கக் காலேஜ் கூட்டம். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள். தப்பான தியேட்டருக்கு வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள்.

எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து நந்தினி முதல் பாகத்தின் கதையைச் சொன்னாள். கடலோரத்தில் ஒரு ஊர். அங்கே பனி இறங்கினால் அதற்குள்ளிருந்து பூதங்கள் வந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும். கையில் விளக்கோடு அவற்றை எதிர்க்கிற கூட்டம் ஒன்று உண்டு. அதில் அக்கா, தங்கை இரண்டு பேர். முதல் பாகக் கடைசியில் அக்காவைப் பூதம் கொண்டுபோய்விட்டது. இப்போது தங்கை தேடிக்கொண்டு மலை ஏறப் போகிறாள்.

“அக்காகாரிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?” என்றாள் மல்லிகா.

“ம்மா, அதுலாம் கதையில இல்லம்மா.”

“இதுலாம் புக்கா வந்தது பெரிப்பா. மாங்கான்னு சொல்லுவாங்க. வித்துத் தள்ளிடுச்சு” என்று நந்தினி என் பக்கம் திரும்பினாள்.

“மாங்காவா? எந்த ஊரு மாங்கா?” என்றார் ஏழுமலை. அதோடு அவர் கதை கேட்பதை நிறுத்திவிட்டார்.

சரி, படம் எப்படி?

நீதிபதி ஸ்தானத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் அரை மணி நேரம் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதல் பாகம் பார்க்காதவனை இந்தப் படம் மதிப்பதே இல்லை. ஒரு ஆள் வருகிறான், தியேட்டரே எழுந்து கத்துகிறது. யார் என்று கேட்டால், “அது பெரிய கதை பெரிப்பா.” அடி விழுவதற்கு முன்னால் அடியின் பெயர் அறிவிக்கப்படுகிறது, எதிராளியும் அது முடிகிறவரை மரியாதையாகக் காத்திருக்கிறான். சாகப் போகிற பூதம் தன் பால்ய காலத்தை நினைத்துப் பார்க்கிறது. நாமும் கூடவே உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

“நம்ம வெள்ளிமல ரோட்லயுந்தான் பனி இறங்குது. டிரைவர் லைட்ட போட்டுக்கினு சும்மா போறான். இந்தப் புள்ள எதுக்கு இந்தக் கத்து கத்துது?” என்றார் ஏழுமலை.

ஆனால் வரைந்திருக்கிறார்கள் பாருங்கள்... அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூரையிலிருந்து சொட்டுகிற மழைத்தண்ணீர், சோற்றிலிருந்து எழும்புகிற ஆவி, விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பெண்ணின் கன்னத்தில் ஒட்டியிருக்கிற ஒரே ஒரு மயிரிழை. கையால் வரைந்தவனுக்குக் கண் வலித்திருக்கும்.

மல்லிகா இதையெல்லாம் பார்க்கவில்லை. அவளுக்கு வேறு வேலை இருந்தது. பூதம் வந்தால் புடவைத் தலைப்பால் கண்ணை மூடிக்கொள்வாள். வீடு வந்தால் திறந்துகொள்வாள்.

“செருப்ப வெளிய வுட்டுட்டுத்தான் உள்ள வராங்க. பரவால்ல.”

கொஞ்ச நேரம் கழித்து, “சாப்புடறதுக்கு முன்ன கும்புட்டுக்கிறாங்க மாமா.”

“பெரியவங்களப் பாத்தா குனிஞ்சு வணக்கம் வெக்கிறாங்க. இவ அப்பாவப் பாத்தா எழுந்திரிக்கக்கூட மாட்டா.”

ஜப்பானுக்கு மார்க் ஏறிக்கொண்டே போனது. நந்தினி இருட்டில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் காட்சி வந்தது. விடிகாலை. தங்கைக்காரி விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வாசலில் குனிந்து செருப்பு மாட்டுகிறாள். பின்னால் அம்மா நிற்கிறாள். மூத்தவளைப் பறிகொடுத்த அம்மா. பின்னணி இசையும் நின்றுவிட்டது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, சுத்தமான தமிழில் சொன்னாள்:

“நான் போகிறேன், அம்மா.”

“கவனமாக இரு” என்றாள் அம்மா. அவ்வளவுதான். கதவு மூடிவிட்டது.

என்ன இது, இவ்வளவு நேரம் இழுத்து வந்து இங்கே இப்படித் தட்டையாக விட்டுவிட்டார்களே என்று நினைத்தேன். படிக்கட்டில் தொங்குகிறவனிடம் கண்டக்டர் சொல்கிற மாதிரி ஒரு ‘கவனமாக இரு’. ரெண்டாம் பாகம் என்றாலே இப்படித்தான் என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பக்கத்தில் மல்லிகா, “அய்யய்ய” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். இடைவேளையில் வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தொடவில்லை. ரெண்டாவது பாதி முழுக்க மலையில் சண்டை. சண்டை முடியவும் இல்லை. அந்தப் பெண் அக்காவைக் கண்டுபிடித்தாளா, இறங்கி வந்தாளா, ஒன்றும் தெரியாது. மூன்றாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று லைட்டைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து பைக் ஸ்டாண்டில் நின்றோம். நந்தினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம்” என்றாள் மல்லிகா.

“ம்மா...”

“வேணாம்டி. நான் பாத்துட்டேன்.”

“எல்லாம் நல்லாகீதுன்னுதான சொல்லிக்கினு இருந்த” என்றார் ஏழுமலை.

“இன்னா நல்லாருக்கு? சண்டைக்குப் போற புள்ள, பெத்தவ மொகத்தப் பாத்து போறேன்னு சொல்லுது. அவளும் சரி போன்ற மாதிரி நிக்கிறா. ஏற்கெனவே ஒருத்தியத் தொலச்சவ. வரேன்னு சொல்லுடின்னு ஒரு வார்த்த சொன்னாளா? அந்தப் புள்ள கடைசி வரைக்கும் வூட்டுக்கு வரவும் இல்ல.” அவளுக்குக் குரல் உடைந்தது. “போறவ திரும்பி வரணும்ன்ற நெனப்பே இல்லாத ஊரு மாமா அது. அங்க போய் எம்பொண்ணு என்னத்த கத்துக்குவா? போனா அங்கயே இருந்துடுவாளோன்னு தான எனக்குப் பயம்.”

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொல்வது உங்களுக்கும் எனக்கும் விளக்காமலே புரியும். கடைக்குப் போகிறவன்கூட ‘வரேன்’ என்றுதான் சொல்கிறான். கோபித்துக்கொண்டு கிளம்புகிற சம்பந்திகூட, “அப்ப நாங்க வரோம்” என்று முறைத்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் போகிறார். சாவு வீட்டில் மட்டும்தான் நாம் அதைச் சொல்வதில்லை. அங்கே ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோம். வாய் தவறி ‘போறேன்’ என்று சொன்ன குழந்தையை நிறுத்தி வைத்து, “வரேன்னு சொல்லு” என்று திருத்தி அனுப்பாத வீடு இந்தப் பக்கத்தில் உண்டா?

நந்தினிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவள் முகம் மாறியது. சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

“ம்மா, அவ போறேன்னு சொல்லவே இல்லம்மா. இவங்க டப்பிங்ல கெடுத்துட்டாங்க. இரு.”

போனை எடுத்தாள். ஜப்பான் மொழி டிரெய்லரிலும் அதே காட்சி இருந்தது. அதே வாசல், அதே அம்மா. அந்தப் பெண் திரும்பி, “இத்தே கிமாஸ்” என்றாள்.

“இன்னா சொல்லுது?”

“இத்தேன்னா போயிட்டு. கிமாஸ்னா வரேன். போயிட்டு வரேன். அப்டியே நம்மளுதுதாம்மா. அங்க யாரு வூட்ட வுட்டுக் கெளம்பினாலும் இததான் சொல்லுவாங்க. ஸ்கூலுக்குப் போனாலும், கடைக்குப் போனாலும். உள்ள இருக்கிறவங்க, இத்தெராஷாய்னுவாங்க. போய்ட்டு வான்னு அர்த்தம். சொல்லாம அனுப்பவே மாட்டாங்க.”

மல்லிகா போனை வாங்கிக்கொண்டாள். “இன்னொரு தடவ போடு” என்றாள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். பைக் எடுக்க வந்த பையன்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எங்கே தப்பு நடந்திருக்கும்? எனக்குத் தோன்றுவது இதுதான். ஜப்பான் மொழியிலிருந்து நேராகத் தமிழுக்கு வந்திருக்காது, நடுவில் இங்கிலீஷில் இறங்கி ஏறியிருக்கும். இங்கிலீஷ்காரன் கிளம்பும்போது கிளம்புகிறதை மட்டும்தான் சொல்வான். வருவதை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் கட்சி. திரும்பி வருவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பிய வார்த்தை, அவன் வீட்டில் ‘வரேன்’னை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

படத்துக்கு நான் எழுதி வைத்த தீர்ப்பையும் மாற்ற வேண்டியதாயிற்று. காட்சி தட்டை இல்லை. போன மகள் வராமல் போன வீட்டில், அடுத்த மகள் ‘வரேன்’ என்கிறாள், அம்மா ‘வா’ என்கிறாள். படத்தில் இருக்கிற அத்தனை சண்டையையும் இதற்குப் பக்கத்தில் வைக்க முடியாது. அதை எடுத்தவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மல்லிகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அந்தப் புள்ள வூட்டுக்கு வந்துச்சா இல்லியா? நீதான் புக்குல படிச்சிருக்கியே.”

மூன்றாம் பாகத்துக்காகக் காத்திருக்கிற பையன்கள் சுற்றி நிற்கிறார்களே என்றெல்லாம் நந்தினி பார்க்கவில்லை. “வந்துட்டாம்மா. அக்காவயும் கூட்டிக்கினு வந்துட்டா.”

ஒரு பையன், “அக்கா, ப்ளீஸ்க்கா” என்று காதைப் பொத்திக்கொண்டான்.

“அதான?” என்றாள் மல்லிகா. “வரேன்னு சொல்லிட்டுப் போனவ எப்டி வராம இருப்பா?” புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். “சரி. அவங்களுக்குப் பதில் சொல்லிடு.”

ஏழுமலை என்னைப் பார்த்தார். “படம் ஓடிடுச்சு சகல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இந்த வியாழக்கிழமை நந்தினி கிளம்பினாள். முதலில் ஆறு மாதம் சென்னையில் பயிற்சி, அப்புறம்தான் விமானம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிடப் போயிருந்தோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டார்ட் ஆனதும் தலையை நீட்டி, “இத்தே கிமாஸ்மா” என்றாள்.

மல்லிகா இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள் போல. வாய் திறந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

“இத்தே ராசாயி.”

நந்தினி திருத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

படியில் நின்றிருந்த கண்டக்டர் எங்கள் பக்கம் குனிந்தார். “யாரும்மா ராசாயி? ஏறியாச்சா? வண்டிய எடுக்கணும்.”

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “ஏறிட்டா. எம்பொண்ணுதான். போய்ட்டு வருவா.”